சிவப்பு எங்கிருந்து வருகிறது

கொடைக்கானலில், அட்டுவம்பட்டி ரோட்டில் எங்கள் கேக் கடைக்கு மேலே இருந்த மாடி வீட்டுக்கு அந்த அக்கா குடிவந்த அன்று, சாமான்கள் இன்னும் லாரியிலிருந்து முழுதாக இறங்கவில்லை. பீரோ படிக்கட்டில் பாதியில் சிக்கி நின்றது. அவர் கணவர் கீழே நின்று "மெல்ல, மெல்ல" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா எதையும் கவனிக்காமல் எங்கள் கடைக்குள் வந்து, கண்ணாடி அலமாரியில் இருந்த சிவப்பு கேக்கையே பார்த்தபடி நின்றார். வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"கேக் இருக்கட்டும். இதுக்குப் போட்ட கலர் பாட்டில மட்டும் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்றார்.

யாரோ அதிகாரி என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உள்ளே இருந்து பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய், பொடி எழுத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"இந்த பாட்டில்ல கலர் எவ்வளவு இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

பாட்டில் முழுக்கக் கலர்தானே என்றேன். அவர் கைதட்டாத குறையாகச் சிரித்தார்.

"கலர் கொஞ்சூண்டுதாங்க. மத்ததெல்லாம் அதத் தூக்கிட்டு வந்த ஆளுங்க."

அப்படியே கல்லாப் பலகையில் சாய்ந்துகொண்டு எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். 122 என்று போட்டிருப்பதுதான் சிவப்புச் சாயம். தண்ணீர் பாதிக்கு மேல். 1520 சாயத்தைக் கரைத்து, காய்ந்துபோகாமல் வைத்திருக்கும். 422 கிளிசரின், அது கொழகொழப்புக்கு. 330 எலுமிச்சையில் இருக்கும் அதே புளிப்பு. 211 கெட்டுப்போகாமல் இருக்க. நான் வருஷக்கணக்காக அந்தப் பாட்டிலைத் திறந்து சொட்டுச் சொட்டாக ஊற்றி வந்தவள். அதற்குள் இத்தனை பேர் குடித்தனம் நடத்துவது எனக்குத் தெரியாது. மேலே பீரோ சுவரில் மோதும் சத்தம் கேட்டது. அக்கா 211-ஐ முடித்துவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு அவ்வப்போது அவரே சொன்னதில் இருந்து ஒட்டவைத்துக்கொண்டேன். சொந்த ஊர் வத்தலக்குண்டு. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, மதுரையில் உணவுக் கலர் கலந்து பாட்டிலில் அடைக்கும் ஒரு கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறார். கணவருக்கு மின்சார ஆபீசில் வேலை. அவருக்கு மாற்றல் வரும் ஊருக்கெல்லாம் இவரும் போக வேண்டியிருந்ததால் வேலையை விட்டிருக்கிறார். வேலைதான் போனது. என்ன இருக்கிறது என்று பார்க்கும் புத்தி போகவில்லை.

அவரோடு கடைவீதிக்குப் போவது ஒரு பெரிய சோலி. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்புவார். ஜாம் பாட்டிலைத் திருப்புவார். மஞ்சள் நிற ஊறுகாய், பச்சை நிறப் பட்டாணி, ஆரஞ்சு நிறச் சிப்ஸ் எல்லாவற்றின் முதுகையும் படிப்பார். கடைக்காரர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு அவர் வரும்போது புதுச் சரக்கை அவர்களே எடுத்து நீட்டினார்கள். பயந்துபோய்ப் படிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். செல்போனில் வரும் வீடியோவைப் பார்த்துவிட்டு, எல்லாமே விஷம் என்று சொல்பவர்கள் கொடைக்கானலுக்கு நிறையவே வருவார்கள். அக்கா அந்த வகை இல்லை. திருவிழாவில் தெரிந்தவர்களைத் தேடும் மாதிரி தேடுவார். கண்டுபிடித்தால், "இந்தா 160பி இருக்கு பாரு ஜெசி, இது ஒரு மரத்து வெதையிலிருந்து வர்றது" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி சொல்வார்.

எங்கள் கேக்கில் பாட்டில் கலர் போடுவதை நிறுத்திவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். எதற்கு என்றார். அனுமதிச்ச கலரை அனுமதிச்ச அளவில் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு கிலோவுக்கு ஒரு சிட்டிகைகூட வேண்டாம், நீதான் கண்ணுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அள்ளிப் போடுகிறாய் என்றார். சிலருக்கு மஞ்சள் 102 ஒத்துக்காமல் தடிப்பு வரும், அவர்களுக்குத் தெரிந்தால் போதும், அதற்குத்தான் எண்ணைப் போட்டிருக்கிறான் என்றார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது எண்ணே இல்லாத பாக்கெட்டுகள்மேல்தான்.

பஞ்சு மிட்டாயின் ரோஸ் நிறத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஏரிப் பக்கம் பஞ்சு மிட்டாய் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், கலர்ப் பொடியைக் காட்டச் சொன்னார். அவர் ஆபீசர் என்று பயந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அக்கா கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, பொடியை வாங்கிப் பார்த்தார். முடிச்சுப் போட்ட வெறும் பாலித்தீன் பை. ஒரு எழுத்து இல்லை. விரல் நுனியில் தொட்டுத் தண்ணீரில் விட்டதும் வெயிலில் மினுமினுத்தது. துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயமாக இருக்கும் என்று அவருக்குப் பட்டது. திட்டவில்லை. மறுநாள் வெள்ளனே போய், சீல் போட்ட அனுமதிச்ச கலர் ஒன்றைக் கொடுத்து, சர்க்கரையில் எவ்வளவு கலக்க வேண்டும் என்று கூடவே நின்று காட்டினார். அந்த மனிதர் நிறம் வெளுப்பாக இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார். "பஞ்சு வெளுப்பாத்தாங்க இருக்கும்" என்றார் அக்கா. அவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் அக்காவின் ஆர்வத்துக்கு இடம் பொருள் தெரியாது. அதைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றி நான் சொல்வது அரைகுறைதான்.

கேக் செய்யச் சாமான் வாங்க வத்தலக்குண்டுக்கு என்னோடு வந்திருந்தார். மலையை விட்டு இறங்கி, ஊருக்குச் சற்று முன்னால், எங்கள் வேனை நிறுத்தச் சொன்னார். என் கணவர் அந்தோணி, வாந்தி வருகிறது போல என்று பதறி நிறுத்தினார். அக்கா இறங்கி வேலியோரச் சப்பாத்திக்கள்ளிப் புதருக்கு ஓடினார். கள்ளி மடல்களில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக ஏதோ இருந்தது. முள் குத்தாமல் ஒன்றைக் கிள்ளி, விரலிடுக்கில் நசுக்கினார். விரல் இரண்டும் ரத்தம் தோய்ந்த மாதிரி சிவந்தன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பூச்சி ஜெசி, பூச்சி. இந்தச் சாதிப் பூச்சியிலேருந்துதான் 120 எடுக்கறாங்க. வெளிநாட்டு மிட்டாய்ல, தயிர்ல எல்லாம் போடுவாங்க. நான் பொறந்த ஊர்ல, நான் பள்ளிக்கூடம் போன ரோட்டுல இவ்வளவும் கெடந்திருக்கு. எனக்குத் தெரியல பாரு."

நானும் ஒன்றை நசுக்கினேன். அந்தோணியும் வந்து ஒன்றை நசுக்கினார். ரோட்டில் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களை எட்டிப் பார்த்தார்கள். சிவந்த விரல்களோடு மார்க்கெட்டில் முட்டைத் தட்டுகள் வாங்கினோம். அந்தச் சிவப்பைப் போல ஒரு சிவப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சரி, அதோடு விட்டிருக்கலாம். அடுத்த மாதம் பெருமாள்மலையில் எங்களுக்குத் தெரிந்த வீட்டில் நிச்சயதார்த்தம். முட்டை போடாத கேக், எங்களுடையது. மாப்பிள்ளையின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து ரோஸ் நிற மிட்டாய்கள் கொண்டுவந்து, தட்டில் வைத்துச் சுற்றி வரக் கொடுத்தார். பெண் வீட்டார் சுத்த சைவம். அக்கா உறையைப் பிரிக்கும் முன்னால் படித்தார். அவர் கண் பளபளப்பதை நான் பார்த்தேன். வேண்டாம் என்று நான் முழங்கையால் இடிப்பதற்குள், "இதுல 120 இருக்கு. கள்ளிப் பூச்சி. நாங்க வத்தலக்குண்டுல பாத்தோமே" என்று பந்தல் கேட்கச் சொன்னார்.

பெண்ணின் அத்தை வாயில் போட்டதைக் கையில் துப்பினார். யாரோ வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தேடி ஓடினார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் அவமானத்தில் கறுத்துப்போய் நின்றார். சந்தோஷமான செய்தியைச் சொன்னோம், ஏன் இப்படி ஆகிவிட்டது என்று அக்காவுக்குப் புரியவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியவேண்டாமா என்று திரும்பி வரும்போது என்னிடம் கேட்டார். தெரியவேண்டியதுதான், ஆனால் தனியாகக் கூப்பிட்டு மெல்லச் சொல்லியிருக்கலாம் என்றேன். மெல்லச் சொல்ல எனக்கு வராதே என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். எனக்கோ கோபம் அடங்கவில்லை. கொஞ்ச நாள் மாடிப் படிக்கட்டுப் பக்கம் நான் தலைகாட்டவே இல்லை.

அந்தக் கோபத்தை உடைத்தது ஊதா முட்டைகோஸ். ஒருநாள் மத்தியானம் பின்கதவைத் தட்டி, அதை வேகவைத்த ஊதா நிறத் தண்ணீர் ஒரு கிண்ணத்தோடு நின்றார். பாதியை இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி, எங்கள் அடுப்படியிலிருந்த எலுமிச்சையை அதில் பிழிந்தார். தண்ணீர் ரோஸ் ஆனது. மிச்சத்தில் சமையல் சோடாவைப் போட்டார். நீலம் ஆனது. நான் கோபத்தை மறந்து, இன்னும் கொஞ்சம் சோடா போடுங்க என்றேன். பச்சைக்குத் திரும்பியது. எங்கள் இருவரின் சத்தம் கேட்டு, முன்னால் நின்ற வாடிக்கையாளர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எங்கள் சோதனைகள். மேல்மலை ஊர்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் பீட்ரூட்டும் கேரட்டும் இறங்கும் ஊரில் இருந்துகொண்டு, கலருக்குப் பாட்டிலை மட்டும் ஏன் நம்ப வேண்டும், இதையும் ஒரு கை பார்ப்போமே என்றார். பாட்டில்மேல் வெறுப்பினால் அல்ல, ஆசையினால். பீட்ரூட்டை அரைத்து மாவில் கலந்தோம். அடுப்பிலிருந்து வெளியே வந்தது செங்கல் நிறத்தில் ஒரு கட்டி. சூடும் சோடாவும் சேர்ந்து அந்தச் சிவப்பைக் கொன்றுவிடும் என்று பிறகுதான் யோசித்தார். கீரையில் செய்த பச்சை, மறுநாள் மிலிட்டரி பச்சையாகிவிட்டது. சங்குப்பூவில் செய்த நீலக் கிரீம் அழகாக வந்தது. ஆனால் அதன்மேல் நான் எலுமிச்சைச் சாறு தெளித்துத் தொலைத்தேன், புள்ளி புள்ளியாக ஊதா. ஒவ்வொரு தோல்விக்கும் அக்கா அடைந்த சந்தோஷம் வேறு யாரும் வெற்றிக்கு அடைந்து நான் பார்த்ததில்லை. ஏன் ஆச்சு, ஏன் ஆச்சு என்று கேட்டுக்கொண்டே படியேறிப் போவார், பதிலோடு படியிறங்குவார்.

கடைசியில் பிடிபட்டது. பீட்ரூட் சாற்றைச் சிறு தீயில் வற்றவைத்து, எலுமிச்சை விட்டு, ஆறியபின் கிரீமில் கலக்க வேண்டும். கேக் உள்ளே வெள்ளையாக இருக்கட்டும், சிவப்பு வெளியே இருக்கட்டும். அந்தக் கிரீம், பறித்த ரோஜாவின் நடு இதழ் நிறத்தில் வந்தது. அலமாரியில் வைத்த அன்றே விற்றுப்போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் கடையை மூடவைக்கப் பார்த்தது.

முருகேசன் என்று ஒரு ஜீப் டிரைவர். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போவார். அவர் மகள் பிறந்தநாளுக்குப் பெரிய பீட்ரூட் கேக் ஒன்று வாங்கிப் போனார். மறுநாள் காலை, கடையைத் திறந்து சற்று நேரத்தில் நாலைந்து ஜீப்புகள் வந்து நின்றன. முருகேசன் இறங்கி வந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு உடைந்துவிடும் என்று பயந்தேன். அவர் மகள் காலையில் சிவப்பாகச் சிறுநீர் கழித்திருக்கிறாள். ரத்தம் என்று வீடே அலறி, மனைவி செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். கேக்கில் சாயப்பொடியைக் கலந்துவிட்டீர்கள் என்று முருகேசன் கத்தினார். கூட வந்த ஒருவர் செல்போனில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தோணி கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

சத்தம் கேட்டு அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். நான் பயந்தது அப்படியே நடந்தது. அவர் கண் பளபளத்தது.

"எந்த மாதிரிச் சிவப்பு? ரோஸா, இல்ல கருஞ்சிவப்பா?" என்று முருகேசனிடம் கேட்டார்.

"எம் புள்ள ஆஸ்பத்திரில கெடக்கு. இந்தம்மா கலர் கேக்குது" என்றார் முருகேசன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அக்கா விளக்கினார். இது பீட்ரூட்டின் சிவப்பு, சிலர் உடம்பு அதை உடைக்காமல் அப்படியே வெளியே விட்டுவிடும், கெடுதல் இல்லை, ஒரு நாளில் போய்விடும். யாரும் நம்பவில்லை. நாங்களும் காலங்காலமாகப் பீட்ரூட் தின்கிறோம், எங்களுக்கு வந்ததில்லையே என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் நானே தின்று காட்டுகிறேன் என்றார் அக்கா. வற்றவைத்த சாற்றை ஒரு டம்ளர் நிறைய ஊற்றி, எல்லோர் முன்னாலும் மடமடவென்று குடித்தார். மதியம்வரை பொறுங்கள் என்றார். ஜீப்புகள் போகவில்லை. டீ குடித்துக்கொண்டு எதிரே காத்திருந்தார்கள்.

மதியம் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் முகம் தொங்கிப்போயிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கழிப்பறையில் என்ன நிறம் என்று வேறு யாரும் பார்க்கவில்லை. வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் கண்ணால் கெஞ்சினேன்.

"எனக்கு வரலங்க" என்றார். "எல்லாருக்கும் வராது. நான் சொன்னது மெய்தான், ஆனா என் உடம்பு அதக் காட்டல."

ஆட்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் கொடைக்கானல் முழுக்கச் சுற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் சிறுநீரைச் சோதித்து, ரத்தம் இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது வீடியோவில் வரவில்லை. ரத்தம் இல்லையென்றால் சாயம்தான் என்று அதற்கும் ஒரு பேச்சு கிளம்பியது. இருந்த ஆர்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாகின. அந்தோணி, அந்த அம்மா பேச்சைக் கேட்டுத்தான் இந்த நிலைமை என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

மறுநாள் வெள்ளனே பின்கதவு தட்டும் சத்தம். முருகேசன் மனைவி செல்வி, தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு தனியாக நின்றார். அந்தக் கலர் அக்காவைப் பார்க்கவேண்டும் என்றார். நான் மேலே போய்க் கூட்டிவந்தேன். செல்வி என்னைப் பார்த்துத் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார்.

"எனக்கும் நேத்து அப்படித்தான் போச்சுங்க. நான் யார்ட்டயும் சொல்லல. கர்ப்பப்பையில என்னமோன்னு நெனச்சுட்டேன். எங்கம்மா செத்தது அப்படித்தான். அவரு புள்ளையப் பாத்தே அந்தப் பாடு படுறாரு, நான் எப்படிச் சொல்ல?"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தேடிக்கொண்டிருந்த சாட்சி எதிரே நிற்கிறது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே கேக்கில், ஒரே மாதிரி. அந்தப் பளபளப்பு அவர் கண்ணில் ஏறியதைப் பார்த்தேன். இதோ கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. மைதா மூட்டைமேல் உட்கார்ந்தார். செல்வியையும் கைபிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். கேக் நீங்களும் சாப்பிட்டீங்களா என்று எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டார். மிச்சம் இருந்ததை எல்லாம் நான்தான் தின்றேன் என்றார் செல்வி. இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இன்றைக்கு ஒன்றுமில்லை, சாதாரணமாக இருக்கிறது.

"அப்ப அது பீட்ரூட்டுதாம்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

செல்வி அழ ஆரம்பித்தார். ஒரு பகலும் ஓர் இரவும் தனக்குள்ளேயே செத்துப் பிழைத்திருக்கிறார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, சோர்வு உண்டா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று அதே குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் செல்வி தலையாட்டினார். வெகுநாளாகவே அப்படித்தான், வீட்டு வேலை அசதி என்று விட்டுவிட்டேன் என்றார்.

"எதுக்கும் உங்களுக்கும் புள்ளைக்கும் ரத்தம் பாத்துருவோம். நானும் வர்றேன். வெரசாக் கெளம்புங்க."

அன்றைக்கே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தாய்க்கும் மகளுக்கும் ரத்தத்தில் இரும்புச்சத்து மிகவும் குறைவு. அப்படிக் குறைந்த உடம்பில்தான் பீட்ரூட் நிறம் இப்படி அதிகம் தெரியும் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். மாத்திரை கொடுத்து, தொடர்ந்து வரச் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்த அக்கா, செல்வி வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பொறுத்திருந்து, பிறகு எங்கள் அடுப்படிக்கு ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அடக்கி வைத்திருந்த அத்தனையையும் கொட்டினார். எனக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

செல்வி தன் கணவரிடம் தானே சொன்னார். முருகேசன் கடைக்கு வந்து, வாசலிலேயே நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, தப்பா நினைச்சுக்காதீங்க என்றார். பிறகு தானே ஒரு வீடியோ போட்டார். அதில் சிறுநீர் என்ற வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கூச்சம். "அது அது இல்லைங்க, அது பீட்ரூட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முடித்துவிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் டிரைவர்கள் ஸ்டாண்டில் அவர் வாயாலேயே கதை பரவி, சுற்றுலா வருகிறவர்களையே எங்கள் கடைக்கு அழைத்துவந்து இறக்கினார்கள்.

பீட்ரூட்டே வேண்டாம் என்று நான் முடிவுக்கு வந்திருந்தேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. நாம் செய்த தப்பு பீட்ரூட் போட்டது இல்லை, போட்டதைச் சொல்லாதது என்றார். ஒவ்வொரு கேக் பெட்டிமேலும் உள்ளே இருப்பதை எழுதவேண்டும். பாட்டில் கலர் போட்டால் அதன் எண்ணையும் எழுதவேண்டும். பீட்ரூட் கேக்கில், சிலருக்குச் சிறுநீர் சிவக்கலாம், பயப்பட வேண்டாம் என்றும் போடவேண்டும். எந்த ஊர்க் கேக் கடைக்காரன் பெட்டிமேல் இப்படி எழுதுவான் என்று அந்தோணி தலையில் கைவைத்துக்கொண்டார். எழுதினோம். அதைப் படம் பிடித்து அனுப்பவே ஆட்கள் வந்தார்கள். எனக்கு வருதான்னு பாக்கணும் என்று கேட்டு வாங்கிப்போன கல்லூரிப் பையன்களும் உண்டு. ரிசல்ட்டையும் வந்து சொல்வார்கள். அக்கா அவர்களை நிற்கவைத்து விசாரிப்பார்.

பிறகு அவர் கணவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. லாரியில் பீரோ ஏறும்போது நான் உள்ளே போய் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பார்க்க முடியவில்லை. அவர் போனபிறகு கொஞ்ச நாள் மாடியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஏதோ செய்தி இறங்கி வருகிறது என்று நிமிர்ந்து பார்ப்பேன். புதிதாகக் குடிவந்தவர்கள் மாடியில் சும்மா நடப்பவர்கள்.

போன கோடையில் ஒருநாள் காலை, கடையில் நல்ல கூட்டம். போன் அடித்தது. எடுத்தால் ஒரே காற்றுச் சத்தம். அதற்கு மேலே அக்காவின் குரல்.

"ஜெசி, நான் உப்பளத்துல நிக்கிறேன். தண்ணி ரோஸா கெடக்கு ஜெசி. பாத்தி பாத்தியா ரோஸ். யாரும் எதையும் கலக்கல."

என்ன சொல்கிறார் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. உப்பு ஏற ஏற, அந்தத் தண்ணீரில் ஒரு நுண்பாசி பெருகுமாம். வெயில் தாங்காமல் அது தன்மேல் தானே சிவப்பைப் பூசிக்கொள்ளுமாம். அதிலிருந்து எடுப்பதுதான் 160ஏ. ஐஸ்கிரீமுக்கும் வெண்ணெய்க்கும் போடுகிற மஞ்சள்.

"நம்ம ஊரு கேரட்டுல இருக்கற அதே சமாச்சாரம். மலையில மண்ணுக்குள்ள இருக்கறது, இங்க கடலோரத்துல தண்ணிக்குள்ள இருக்கு. நீ வந்து பாக்கணும்."

எவ்வளவு சிவப்பு என்று கேட்டேன். விடியற்காலையில் ஒரு மாதிரி, உச்சி வெயிலில் ஒரு மாதிரி என்றார். கையில் அள்ளினால் நிறம் தெரியுமா என்று கேட்டேன். இரு, அள்ளிப் பார்க்கிறேன் என்றார். தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்டது. அள்ளினா வெறும் தண்ணியாத்தான் இருக்கு, நிறையச் சேர்ந்தாத்தான் தெரியுது என்றார். அப்படியென்றால் வற்றவைத்தால், என்று நான் ஆரம்பித்தேன். அதேதான், அதேதான் என்றார்.

என் தோளை யாரோ தொட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அந்தோணி. யாருக்கு என்ன ஆச்சு என்று கலவரமாகக் கேட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் வாங்க வந்ததை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நேரமும் நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.